அதே எடையுள்ள இன்னொரு உருண்டை

வண்டன்மேடு
5-10-1975

அன்புள்ள அண்ணாவுக்கு, ஞானம் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நான் சௌக்கியம். நீயும் பட்டு மன்னியும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? மன்னியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதினொரு வருஷமாக இதைக் கேட்க வழியில்லாமல் இருந்தது. வலி இப்போது உண்டா என்றே எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வாள், அந்த நினைவில் கேட்கிறேன்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். மழை விடவில்லை. ஏலக்காய் எடுப்பு நடப்பதால் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. என் வீட்டுக்காரர் பெரியமுத்துவை நீ பார்த்ததில்லை. பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பினாய். அவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் செயலாளராக இருந்தார். ஜூலை மாதம் சங்க ஆபீஸைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் வெளியே போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

அப்பா இருந்தபோது, வெளியூரிலிருந்து யார் கடிதம் எழுதினாலும் அடியில் ஒரு கணக்குப் போட வேண்டும், பதில் எழுதுகிறவர் முதலில் விடையை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதலாம் என்று வைத்திருந்தாரே. நீ என்னை மன்னிக்காவிட்டாலும் கணக்கை விடமாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

வழவழப்பான கண்ணாடிப் பலகை. அதன்மேல் பத்து கிராம் எடையும் இரண்டு மைக்ரோ கூலும் மின்னூட்டமும் உள்ள உருண்டை ஒன்று, வெகுதூரத்திலிருந்து நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே அதே எடையுள்ள இன்னொரு உருண்டை நிற்கிறது. அதன் மின்னூட்டம் ஐந்து மைக்ரோ கூலும். இரண்டும் ஒரே இனம், ஒன்றையொன்று தள்ளும். வருவது எவ்வளவு அருகில் வரும்? நான் விசையை வைத்துப் போட்டேன். நெருங்க நெருங்க விசை கூடிக்கொண்டே போகிறது. எங்கே நிறுத்திக் கணக்கிடுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஞானம்


கல்பாத்தி
16-10-1975

ஞானத்துக்கு யக்ஞநாராயணன் எழுதுவது. இங்கு க்ஷேமம். மன்னிக்கு முழங்கால் வலி உண்டு.

வழக்கப்படி முதலில் விடை. அரை மீட்டர்.

அடிக்கு அடி மாறுகிற விசையின் பின்னால் ஓடியது அசட்டுத்தனம். பி.எஸ்ஸி.யில் உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மலையேறும்போது கீழே விழுந்துவிட்டது போலும். ஆற்றலைப் பார். தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்பது போதும். நடுவில் எந்த வழியாக வந்தது, என்ன பட்டது என்று ஆற்றல் கேட்பதில்லை. வெகுதூரத்தில் உருண்டையிடம் இருப்பது இயக்க ஆற்றல் மட்டும், 0.18 ஜூல். மிக அருகில் வந்து ஒரு கணம் நிற்கும்போது அத்தனையும் நிலை ஆற்றலாக மாறியிருக்கும். நிலை ஆற்றலுக்கு 9×10⁹ஐ இரு மின்னூட்டங்களாலும் பெருக்கித் தூரத்தால் வகுக்க வேண்டும். பெருக்கினால் வருவது 0.09. அதை 0.18ஆல் வகு. அரை. பிறகு வந்த வழியே திரும்பிப்போகும்.

நீ கேட்காவிட்டாலும் என் சமாசாரத்தைச் சொல்கிறேன். நான் இன்னும் அதே டியூட்டோரியலில், தகரக் கூரைக்குக் கீழே, தோற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கு வர வேண்டிய கல்லூரி வேலையில் பத்தொன்பது வருஷமாக வெங்கடேஸ்வரன் உட்கார்ந்திருக்கிறான். இதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். எதிரே வந்தால் நான் மறு ஓரத்துக்குப் போய்விடுவேன். நீ வீட்டை விட்டுப் போன வருஷம் இந்தத் தெருவே வந்து என்னிடம் துக்கம் விசாரித்தது. அவன் மட்டும் வரவில்லை. வராததையும் நான் மறக்கவில்லை.

உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு விஷயம். உன் உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பசை வெளியே பிதுங்கி அதில் ஓர் ஈ செத்துக் கிடந்தது. நீ ஈர விரலால் துடைத்து ஒட்டுகிறவள்.

யக்ஞநாராயணன்


வண்டன்மேடு
2-11-1975

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். சௌக்கியம். மன்னிக்குக் கொடுக்க வாதநாராயண இலைத் தைலம் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு இரண்டு தடவை படித்தேன். தலைப்பில் 'சௌபாக்கியவதி' இல்லை. நம் வீட்டில் கல்யாணமான பெண்ணுக்கு அந்தச் சொல் இல்லாமல் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். கோபமில்லை.

என் வீட்டுக்கு எதிர்க் கடையில் புதிதாக இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலக்காய் வாங்க வந்தவர்களாம். ஏலம் நடக்கிற இடத்துக்கு அவர்கள் போய் யாரும் பார்க்கவில்லை. ஒரு காயைக் கடித்துப் பார்த்தும் பார்க்கவில்லை. நான் பள்ளிக்குப் போகும்போது ஒருவர், "டீச்சர், சார் எப்ப வருவாரு? ஒரு சோலி இருந்துச்சு" என்கிறார். திரும்பி வரும்போதும் அதே கேள்வி. பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி என்னோடு வேலை பார்க்கிறவள். அவள், "இவனுக சாயா குடிச்சே கடைக்காரன் பணக்காரனாயிருவான்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன்.

விடை. நீ சொன்னபடி ஆற்றல் வழியில் போட்டேன். எனக்கு வந்தது ஒரு மீட்டர். நீ எதிரே நிற்கும் உருண்டையைப் பலகையோடு ஆணி அடித்துவிட்டாய் அண்ணா. நான் அப்படி எழுதவில்லை. தள்ளினால் அதுவும் நகரும். 9×10⁹லும் மற்றதிலும் தவறு இல்லை. ஆணிதான் தவறு.

ஞானம்


கல்பாத்தி
12-11-1975

ஞானத்துக்கு. இங்கு க்ஷேமம். மழை நின்றுவிட்டது.

அரை மீட்டர். நான் எழுதியது எழுதியதுதான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இம்மாதிரிக் கணக்கில் ஒன்றை நிலையாகத்தான் வைப்பார்கள். இருபத்து மூன்று வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மலைமேலிருந்து பாடம் வர வேண்டியதில்லை. வெங்கடேஸ்வரன் கேட்டால் சிரிப்பான்.

எதிர்க் கடைக்காரர்களைப் பற்றி எழுதியதை மன்னிக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "பேடியா இருக்கு, கேட்டேளா. அவளை இங்க வரச்சொல்லி எழுதுங்கோ" என்று பயந்துபோய்ச் சொன்னாள். எழுதமாட்டேன் என்றேன். காரணம் கோபம் மட்டுமில்லை. இப்போது நீ ஊரை விட்டுப் புறப்பட்டால் எதற்குப் புறப்பட்டாள் என்று கேட்பார்கள். நீ ஒரு தவறும் செய்யவில்லை. அதனால் அசையாமல் இரு. பள்ளிக்குப் போ, வீட்டுக்கு வா. வருகிறவர்கள் ஒரு தூரம் வரைதான் வருவார்கள், பிறகு தாமே திரும்பிவிடுவார்கள்.

இந்த முறையும் உறையில் பசை அதிகம்.

யக்ஞநாராயணன்


கல்பாத்தி
9-12-1975

ஞானத்துக்கு. இங்கு க்ஷேமம்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். கணக்கும் அனுப்ப வேண்டாம். பதினொரு வருஷம் எப்படி இருந்தோமோ அப்படியே இருப்போம்.

யக்ஞநாராயணன்


கல்பாத்தி
11-12-1975
(கையில் கொடுத்தனுப்புவது)

ஞானம்,

நேற்று முன்தினம் தபாலில் போட்டதை நம்பாதே. அது பிரித்துப் படிக்கிறவர்களுக்காக எழுதியது. முழுக்கப் பொய் என்றும் சொல்லமாட்டேன். பயத்தில் எழுதியது, அந்தப் பயத்தில் பாதி உண்மை.

இதைக் கொண்டுவருகிறவன் கொழிஞ்சாம்பாறை நஞ்சப்பன். காய்கறி லாரி வைத்திருக்கிறான், வாரம் ஒரு தரம் உங்கள் மலைக்கு வருகிறான். முன்பு என்னிடம் படித்துத் தேறிய ஒரு சிலரில் ஒருவன். ஒரு கவர் இருக்கிறது என்று நேற்று சொன்னபோது, "ஏனுங்க சாமி, இது வெறுங் கடுதாசிதானுங்களே? எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க" என்றான். கடிதம்தான் என்றேன். "அப்ப வெடியே பரவால்லீங்க. இப்பல்லாம் கடுதாசிக்குத்தான் புடிக்கறாங்க" என்று சொல்லி, வெண்டைக்காய்க் கூடைக்கு அடியில் இடம் காட்டினான்.

8ஆம் தேதி மத்தியானம் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டை, நடு வயது, மரியாதையான பேச்சு. பெயர் சொல்லவில்லை. ஜூன் மாதம் நெருக்கடி நிலை வந்ததிலிருந்து பெயர் சொல்லாதவர்கள்தான் வருகிறார்கள். நம் கடிதங்களின் நகல்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார். என் கையெழுத்தை இன்னொருவர் கையில் பார்ப்பதைப்போல அவமானம் வேறில்லை.

"ஸார் பௌதிகம், இல்லியா? நான் பத்தாம் கிளாஸ்ல பௌதிகத்தில தோத்த ஆளு. கொஞ்சம் மெதுவாச் சொல்லணும். இந்த ஒன்பது என்ன?"

"அது மாறிலி."

"ரெண்டு பேர் கடிதத்திலயும் வருதே. யாருக்குள்ளது?"

"எல்லாருக்கும் ஒன்றுதான்."

"எல்லாருக்கும்னா எத்தனை பேரு, ஸார்?"

பட்டு காப்பி கொண்டுவந்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ஒருத்தன் தூரத்திலிருந்து வர்றான். ஒருத்தி நிக்கறா. எவ்வளவு பக்கத்தில வருவான்னு தங்கச்சி கேக்கறாங்க. பெரியமுத்து ஜூலையிலிருந்து காணாத ஆளு. நீங்க அரைன்னு எழுதறீங்க. அவங்க ஒண்ணுன்னு எழுதறாங்க. அரை மைலா, ஒரு மைலா?"

மீட்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நம் அப்பாவின் பழக்கத்தைச் சொன்னேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் கணக்கா என்று இரண்டு தடவை கேட்டார். எந்த வீட்டில் அப்படிச் செய்வார்கள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

பிறகு கேட்டார். "ஸார் தங்க மெடல் வாங்கினவர்னு தெருவில பறஞ்சாங்க. இந்தச் சின்னக் கணக்கில ஸாருக்குத் தப்பு வருமா?"

"வராது" என்றேன்.

ஞானம், அந்த ஒரு சொல் வாயிலிருந்து போன பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. அவர் நகல்களை அடுக்கிக் கட்டினார். "ஸாருக்குத் தப்பு வராது. டீச்சருக்கும் வராது. அப்ப ரெண்டு விடை எப்படி? இது கணக்கு இல்லே, ஸார்." கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டிக் கேட்கப்போவதாகச் சொன்னார். பெயரையும் சொன்னார். வெங்கடேஸ்வரன். நான் செத்தேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக நான் அவனைப் பார்த்துக் காறித் துப்பாத குறைதான். அவன் ஒரு தலையசைப்பில் என்னையும் உன்னையும் முடித்துவிடலாம்.

போகும்போது அவர் வாசலில் சொன்னதுதான் முக்கியம். "அங்கயும் ஜீப் அனுப்பறோம். டீச்சர்கிட்டயும் இதே கணக்கைக் கேக்கணும்."

ராத்திரி அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். என்ன வந்தது என்று சொல்லமாட்டேன். அசையாமல் இரு என்று முன்பு எழுதினேன் அல்லவா, இப்போது அதைச் சொல்லவில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

யக்ஞநாராயணன்


வண்டன்மேடு
2-1-1976

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் சுகம். தாங்களும் வீட்டம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் பெயர் புஷ்பமேரி. ஞானம் டீச்சரோடு வேலை செய்கிறேன். தங்கள் விலாசம் டீச்சர் முன்பு சொன்னது. இதைத் தபாலில் போடாமல் திருவிழாவுக்கு வந்த என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

டீச்சர் ஊரில் இல்லை. எங்கே என்று எனக்குத் தெரியாது. டிசம்பர் பாதியில் ஒரு நாள் காய்கறி லாரிக்காரர் வந்து கத்திரிக்காய் வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை டீச்சர் வீடு பூட்டியிருந்தது. டீச்சருடைய நாலு கோழியும் என் கூண்டுக்குள் இருந்தன. யார் விட்டது என்று நான் பார்க்கவில்லை. கோழியைக் கேட்டாலும் சொல்லாது.

அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு ஜீப் வந்தது. டீச்சரைக் கேட்டார்கள். வகுப்புப் பலகையில் இருந்த கணக்கைக்கூட ஒருவர் எழுதிக்கொண்டார். அது எட்டாம் கிளாஸ் நெம்புகோல் கணக்கு. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, ஆனால் அடுத்த அறையில் யாரையோ அடிப்பது கேட்டது.

டீச்சரைப் பிடித்துவிட்டார்களா, டீச்சரே போய்விட்டார்களா என்று இங்கே இரண்டு விதமாகப் பேச்சு. எதிர்க் கடையில் அந்த இரண்டு பேரும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை வைத்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

கர்த்தருக்குள் அன்புள்ள,
புஷ்பமேரி


கல்பாத்தி
25-1-1976

ஞானத்துக்கு, எங்கே இருந்தாலும்.

இதை யாருக்கு எழுதுகிறேன், யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. நஞ்சப்பனிடம் கொடுக்கிறேன். என் தங்கை எங்கே என்று கேட்டேன். "எனக்குத் தக்காளிச் சோலியே தலைக்கு மேலிருக்குதுங்க சாமி" என்றான். ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று சொன்னபோது, "ஆளே எங்கன்னு தெரியாம எங்க கொண்டு குடுக்கறதுங்க" என்றான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எழுதி வெய்யுங்க" என்றான். அதை நான் பெரிதாக எண்ணுவதா, கூடாதா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

வெங்கடேஸ்வரன் விஷயம். அவனைக் கேட்ட அன்று என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சில் ஒரு நுனியில் அவன், மறு நுனியில் நான். நகல்களைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் படித்தான். உன் கடிதத்தை அதிக நேரம் படித்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது கணக்குதான். வேறொண்ணும் இல்லை. ஞானத்தோட விடை சரி. இவனோடது தப்பு."

"மெடல் வாங்கின ஆளாச்சே, ஸார்?"

"மெடலுக்கென்ன. இவனுக்கு இது ஒரு வியாதியாக்கும். ரெண்டு உருண்டை குடுத்தா ஒண்ணை ஆணி அடிச்சுடுவான். எம்.எஸ்ஸி. வாய்மொழியிலே அடிச்சான். காலேஜ் இன்டர்வியூவிலே என் கண் முன்னாடியே அடிச்சான், அதனாலதான் அந்த வேலை எனக்கு வந்தது. அதே எடையுள்ள இன்னொரு உருண்டைன்னு அவ தெளிவா எழுதியிருக்கா. ஆணி அடிச்சு வெச்சதுக்கு எடை எதுக்கு? இவன் கேள்வியைப் படிக்கறதே இல்லை."

வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். "ஸாருக்குத் தப்பு வராதுன்னு பறஞ்சீங்களே?"

வெங்கடேஸ்வரன் சொன்னது முழுவதும் எனக்காகச் சொன்னதா, பத்தொன்பது வருஷமாகச் சொல்ல ஆசைப்பட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். என் விடை தவறு, என் தங்கை ஞானத்தின் விடை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். கணக்கு விஷயம் அதோடு முடிந்தது. பெரியமுத்து விஷயம் முடியவில்லை.

வெளியே வந்தபோது அவன் என் எதிரே நின்றான். நான் மறு ஓரத்துக்குப் போகவில்லை. அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தான்.

உன் விடையை முழுவதும் எழுதிப் பார்த்தேன். மிக அருகில் இருக்கும் கணத்தில் இரண்டும் சேர்ந்து நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போகின்றன. பாதி ஆற்றல் ஓட்டத்திலேயே இருக்கிறது, மீதிப் பாதிதான் நெருக்கத்துக்குச் செலவாகிறது. அதனால் ஒரு மீட்டருக்குள் அது வர முடியாது. கடைசியில் வந்தது அங்கேயே நின்றுவிடுகிறது. நின்றிருந்தது, வந்ததன் வேகத்தோடு போய்விடுகிறது. கடையில் அந்த இருவரும் இன்னும் உட்கார்ந்திருப்பதாகப் புஷ்பமேரி எழுதியிருக்கிறாள். இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எந்த வழியாகப் போனாய் என்று கேட்கமாட்டேன்.

யக்ஞநாராயணன்


கல்பாத்தி
18-5-1976

ஞானத்துக்கு.

நாலு மாதமாகப் பதில் இல்லை. இதையும் நஞ்சப்பனிடமே கொடுக்கிறேன். வெள்ளைச் சட்டைக்காரர் மாதம் பிறந்தால் வருகிறார். காப்பி குடிக்கிறார். "தங்கச்சி எந்த வழியாப் போனாங்க, ஸார்?" என்று கேட்கிறார். தெரியாது என்கிறேன். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "தெரியாதுதான்" என்று அவரே சொல்லிவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அவருக்குத் தெரிந்துதான் என்னைக் கேட்கிறாரோ, உன்னை எங்கேயோ வைத்துக்கொண்டுதான் கேட்கிறாரோ என்று தோன்றும்.

போன வாரம் குமுளிப் பக்கம் ஓடையில் ஒரு பெண் கிடந்ததாகப் பேப்பரில் நாலு வரி. வயது முப்பத்தைந்து இருக்கலாம் என்று போட்டிருந்தது. பட்டுவிடம் காட்டாமல் பேப்பரை ஒளித்து வைத்தேன். அவள் எனக்கு முன்பே படித்துவிட்டு, நான் பார்க்காமலிருக்க வேண்டுமென்று பழைய பேப்பர்க் கட்டில் சொருகியிருந்தாள். அங்கிருந்து எடுத்ததைத்தான் திரும்ப அவளிடமிருந்தே ஒளித்தேன் என்பது பிறகு தெரிந்தது. மறுநாள் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது, வேறு யாரோ. வேறு யாரோ என்றதும் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஒரு வரி எழுது. கணக்கு மட்டுமாவது எழுது.

யக்ஞநாராயணன்


20-10-1976

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும் ஞானம் அநேக நமஸ்காரம்.

நான் உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு என்னைத் திட்டு, நஞ்சப்பனைத் திட்டாதே.

நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், நஞ்சப்பனின் அம்மா மருதாத்தாள் வீட்டில். உன் கடிதத்தைக் கொடுத்த அன்று, "ஊட்டப் பூட்டிப்போட்டு வண்டியில ஏறிக்குங்க. இன்னிக்கு உட்டா அடுத்த வாரந்தான் வருவேன்" என்றான். எதிர்க் கடை மூடிய பிறகு, கோழியை மட்டும் புஷ்பமேரியின் கூண்டில் விட்டுவிட்டு இருட்டில் ஏறினேன். காலிக் கூடைகளுக்கு நடுவில், கம்பம், பழனி, பொள்ளாச்சி என்று வந்தேன். இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டாவது இடத்தில் ஒருவர் கூடையைத் தடியால் குத்தினார். தடி என் தோளை உரசிக்கொண்டு போனது. நான் மூச்சு விடவில்லை. ஒரு மீட்டர்கூட இல்லை அண்ணா.

உனக்குச் சொல்லக் கூடாது என்றது நஞ்சப்பன். "சாமி மூஞ்சியில எல்லாம் எழுதியிருக்குமுங்க. அவருக்குத் தெரியாத வரைக்குந்தான் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்றான். நீ நிஜமாகப் பயந்தாய், அதனால்தான் அவர் உன்னை நம்பினார். பத்து மாதம் உன்னைப் பயத்திலேயே வைத்திருந்தேன். வேறு வழி தெரியவில்லை. இனியும் அப்படி வைக்க மனம் வராமல்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நான் மாடு பார்க்கிறேன், கடலை உடைக்கிறேன். ஒரு நாள் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். மருதாத்தாள் வந்து, "ஊட்டுக்காரர நெனச்சு அழுவறதுன்னா அழு ஆத்தா. மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு அழு" என்றாள். அவர் இருக்கிறார் என்று பிப்ரவரியில் ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு இல்லை. அதைப் பற்றி இன்றும் இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அசையாதே என்று நீ சொன்னபோது அசையாமல் இருந்தேன், இப்போது அதைச் சொல்லவில்லை என்று நீ எழுதியபோதுதான் கிளம்பினேன்.

கணக்குக் கேட்டிருந்தாய். என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. இந்தத் தடவை நீ போடு.

ஞானம்


கல்பாத்தி
5-11-1976
(நஞ்சப்பன் கையில்)

சௌபாக்கியவதி ஞானத்துக்கு, யக்ஞநாராயணன் அநேக ஆசீர்வாதம். இங்கு நாங்கள் க்ஷேமம். மன்னி உன் கடிதத்தைப் படித்த பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலியோடு உட்கார்ந்தவளை எழுப்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

உன்மேல் கோபம். நஞ்சப்பன்மேல் அதைவிடக் கோபம். என் முகத்தைப் பற்றி அவன் சொன்னது உண்மையாக இருப்பதால் இன்னும் கோபம்.

வெள்ளைச் சட்டைக்காரர் 1ஆம் தேதி வந்துவிட்டுப் போனார். அன்று எனக்குத் தெரியும். நாலு நாளாக உன் கடிதம் அரிசிப் பானைக்குள் இருந்தது. "எந்த வழியாப் போனாங்க?" என்றார். வழியை நீ எழுதியிருந்தாய், கம்பம், பழனி, பொள்ளாச்சி. எழுதியிருக்கக் கூடாது. தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பட்டு உள்ளேயிருந்து, "அவளைப் பத்தி இந்த ஆத்துலே பேசப்படாதுன்னு சொன்னேனோ இல்லையோ" என்று என்மேல் கத்தினாள். பதினொரு வருஷம் நான் சொன்ன வார்த்தைகள். அவர் காப்பியை முடிக்காமல் போனார். அடுத்த மாதம் வருவார். பயம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

கல்பாத்தித் தேர் வருகிறது. தேர் அன்றைக்கு இந்தத் தெருவில் யார் யாருடைய தங்கை என்று யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்கிறவர்களும் தேரைத்தான் பார்ப்பார்கள். தனியாக வராதே. தனியாக வருகிற பெண்ணைக் கவனிப்பார்கள், தேருக்கு வருகிற குடும்பத்தைக் கவனிக்கமாட்டார்கள். காலைப் பஸ்ஸில் நீ நடுவழியில் இருக்கிற சித்தூர் வரை வா. நானும் மன்னியும் இங்கிருந்து சித்தூர் வரை வந்து நிற்கிறோம். சேர்ந்து திரும்பலாம். வரும்போது வெங்கடேஸ்வரன் வீட்டைத் தாண்ட வேண்டும். அவன் வாசலில் நின்றால் நமஸ்காரம் சொல்லிக்கொள். நான் சொல்வேனா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

கணக்கு. அதே கண்ணாடிப் பலகை. அதே எடையுள்ள இரண்டு உருண்டைகள். இம்முறை எதிரெதிர் இனம், ஒன்றையொன்று இழுக்கும். பதினொரு மீட்டர் இடைவெளியில் பிடித்து வைத்திருந்தவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டில் எதற்கும் ஆணி இல்லை. கேள்வியை நானே இரண்டு தடவை படித்துவிட்டேன். எங்கே சந்திக்கும்?

விடையை எழுதி அனுப்பாதே. சித்தூரில் சொல்.

ஆசீர்வாதம்.
அண்ணா